வேனை விட்டு இறங்குங்கள்

கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது பீக்கோ டிரெயில். வெளிநாட்டார் தேடி வந்து நடக்கும் இந்த முந்நூறு கிலோமீற்றர் வழி, தமிழ் பேசுகிற ஊர்களின் நடுவே போகிறது. கொழும்புத் தமிழர் அதில் இறங்கி நடக்க வேண்டும் என்பதற்கு அழகைத் தாண்டியும் காரணங்கள் உண்டு.

போயா தினம் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் போதும். வியாழன் இரவே வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாடகை வேன்கள் வந்து நின்றுவிடும். புளிச்சாதப் பார்சல், பிள்ளைகளுக்கு வாந்திக் குளிசை, பாட்டுக்கு ஒரு பென்டிரைவ். விடியும்போது கம்பளை, புசல்லாவையில் ஒரு தேத்தண்ணி, றம்பொடை ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு, சீத்தா எலியவில் அம்மனுக்கு ஓர் அர்ச்சனை, கிரகரி வாவியில் படகுச் சவாரி. திரும்பும்போது வேனின் பின்பக்கம் கரட்டும் லீக்ஸும் மணக்கும். மூன்று நாள் மலைநாட்டில் இருந்துவிட்டு, தேயிலைக்குள் ஐம்பது அடி நடக்காமல் வீடு வந்து சேர்வோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் கதை சற்று வேறு. அங்கிருந்து மலைக்குப் போகிறவர்களில் பலருக்கு அது உல்லாசப் பயணமே அல்ல, ஊருக்குப் போவது. தீபாவளிக்கு முதல் நாள் புறக்கோட்டை பெஸ்டியன் மாவத்தையில் ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் நம் கடைகளிலும் சலூன்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள். அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள், அந்த ஊர் எப்படி இருக்கும் என்று நாம் கேட்டதில்லை. பீக்கோ டிரெயில் போவது அந்த ஊர்கள் வழியாகத்தான்.

புதுப் பெயர், பழைய தடம்

முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். ஹந்தானையில் பழைய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை நூதனசாலைப் பக்கம் புறப்பட்டு, கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று ஏறி, ஹோட்டன் சமவெளியின் குளிரைத் தொட்டு, ஹப்புத்தளை, எல்ல என்று ஊவாப் பக்கம் இறங்கி, உடப்புசல்லாவை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு வருகிறது. முழுவதையும் ஒரே மூச்சில் நடக்க யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒவ்வொரு கட்டமும் ஒரு பகலுக்குள் முடியும். ஒரு விடுமுறைக்கு ஒரு கட்டம் என்று எடுத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

இப்படி ஒரு வழியை அடையாளம் கண்டு, கட்டம் கட்டமாக வகுத்து, பலகை நட்டு உலகத்துக்குக் காட்டியவர் மிகேல் குனாட் என்ற ஸ்பானியர். நீண்ட காலமாக இலங்கையில் சுற்றுலாத் துறையில் இருப்பவர். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. சர்வதேசப் பயண இதழ்கள் எழுதின. இன்று உலகின் பேர்பெற்ற நெடுநடை வழிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

ஆனால் இதற்காகப் புதிதாக ஒரு பாதையும் வெட்டப்படவில்லை. மலைச்சரிவில் இருந்து தொழிற்சாலைக்கு இலை இறக்கிய தடம், லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்குப் போகிற தடம், துரை குதிரையில் சுற்றிவந்த தடம், ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்குப் போகிற குறுக்குப் பாதை ஆகியவற்றைக் கோத்ததுதான் பீக்கோ டிரெயில். நூற்றைம்பது ஆண்டுகளாக அவை இருக்கின்றன. கல்லடுக்கிச் சரிவைத் தாங்கியவர்களும், கான் வெட்டி மழைத்தண்ணியைத் திருப்பிவிட்டவர்களும் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட தொழிலாளர்கள். வளைவு ஒன்றில் ஓரத்துக் கல்லுக்கட்டைக் கவனித்துப் பாருங்கள், சீமெந்து இருக்காது. கல்லோடு கல் பொருந்தி, பாசி பிடித்து, அந்தப் பக்கம் லொறி போனாலும் அசையாமல் நிற்கும்.

லூல்கந்துரப் பக்கம் இரண்டு மரணங்கள்

முதல் கட்டங்களில் வரலாறு தெரிந்து நடக்க வேண்டியது லூல்கந்துரவில். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இங்கேதான் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையில் வணிகத் தேயிலைச் செய்கையின் தொடக்கம் அது. இரண்டு ஆண்டு கழித்து, 1869இல், கோப்பிச் செடிகளில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து, அந்த மலைகளெல்லாம் தேயிலையாக மாறின. டெய்லர் மாலையில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்ததாகச் சொல்லும் கல்லிருக்கை இன்னும் இருக்கிறது. அங்கே படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

டெய்லர் 1892இல் வயிற்றோட்டம் கண்டு தோட்டத்திலேயே இறந்தார். நல்ல கனத்த ஆள். கண்டி மஹய்யாவ மயானம் வரை ஏறக்குறைய 18 மைல் தூரம் அவர் உடலைத் தொழிலாளர்களே தோளில் சுமந்து போனார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட இரண்டு அணிகள், நான்கு மைலுக்கு ஒரு தரம் தோள் மாற்றிக்கொண்டார்கள். பின்னால் நடந்தவர்கள் ‘சாமி துரை’ என்று அரற்றிக்கொண்டு போனதாகப் பதிவு இருக்கிறது.

லூல்கந்துர இருக்கிற அதே ஹேவாஹெட்டப் பள்ளத்தாக்கில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி, பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி அங்கே செத்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதல் தியாகி என்று நினைவுகூர்கிறது. சுற்றுலாக் கையேடுகள் டெய்லரின் கல்லிருக்கைக்கு அம்புக்குறி போடுகின்றன. முல்லோயாவுக்கு யாரும் போடவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த வழியில் நடப்பதன் முதல் பயன் இதுதான்: பலகையில் இல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வட்டகொடைப் பக்கம் வந்தால் மடகும்புர. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த தோட்டம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் நின்று நாடாளுமன்றம் போனவர் அவர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்த முடிச்சு சட்டத்தில் முழுமையாக அவிழ 2003 வரை ஆனது. பொகவந்தலாவையில், தேயிலைக்கு நடுவே உள்ள சிறிய ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் முற்றத்தில், புகைப்படக்கலை வரலாற்றில் பெரிய பெயரான ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1879இல் இறந்தவர். லண்டன் நூதனசாலைகளில் அவருடைய படங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கல்லறையைத் தேடி வருகிறார்கள்.

இந்த மலைக்கு மனிதர்கள் வந்து சேர்ந்ததும் நடையாகத்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்கும் அந்த நடைக்கும் உள்ள தொடர்பை அவ்வூரார் இன்றும் சொல்வார்கள். அந்தத் தொழிலாளர்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நினைவு நடைபயணம், அதே திசையில் நடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. மதகுருமார், ஆசிரியர்கள், தோட்டத்து இளைஞர்கள், தெற்கிலிருந்து வந்த சிங்களவர்கள் எனப் பலர் அதில் நடந்தார்கள்.

கொழுந்து மடுவத்தில் ஒரு நிமிடம்

வேனின் கண்ணாடியில் தேயிலை ஒரு பச்சைப் போர்வையாகத் தெரியும். உள்ளே நடந்தால்தான் அது இடுப்பளவு உயரத்தில், கிளையும் குச்சியுமாகப் பின்னி, கால்சட்டையைக் கிழிக்கிற செடி என்று தெரியும். செடிகளுக்கு இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். கவ்வாத்து வெட்டிய மலையில் கூர்க்கூராக நிற்கிற தண்டுகள் முழங்காலைப் பதம் பார்க்கும். பனி படர்ந்த காலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிற்பதன் காரணம் ஐந்து நிமிடத்தில் நமக்கு விளங்கிவிடும். நம் உடுப்பு அதற்குள் தொப்பலாக நனைந்திருக்கும்.

பகல் நேரத்தில் கொழுந்து மடுவத்தைக் கடக்க நேர்ந்தால் ஓரமாக நின்று பாருங்கள். சாக்கு ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். முள் நின்றதும் எண்ணைச் சொல்வார்கள், ஒருவர் எழுதுவார். சாக்கின் எடைக்கு இவ்வளவு, இலையில் உள்ள ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். அந்தக் கழிவு சரியா என்பதுதான் மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற வாக்குவாதம். நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடி, அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் 1,350 ரூபாய் ஆனது. அதற்குப் பின் வந்த உயர்வுகளும் சாமான் விலையைத் துரத்திக்கொண்டுதான் ஓடுகின்றன.

இந்த இடத்தில் நம் கையில் ஒரு சாவி இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து வந்தவர் புன்னகை செய்துவிட்டுக் கடந்து போவார். நாம் நிற்கலாம், பேசலாம். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“எங்கேருந்து வர்றீங்க?”

“கொழும்பிலயிருந்து அக்கா. வெள்ளவத்தை.”

“அட, நம்ம மூத்தவனும் அங்கதாங்க. துணிக்கடையில நிக்கிறான். தெரியுமா?”

தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒருவேளை போன கிழமைதான் அந்தப் பையனிடம் சாரியின் விலையைப் பேரம் பேசியிருப்போம். அதற்குப் பிறகு ஒரு பிளேன்டி வரும், சில வீடுகளில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வரும். காசு கொடுத்தால் வாங்க மறுப்பார்கள். பிள்ளைகளுக்கு என்று சொல்லி வைத்துவிட்டு வருவதுதான் முறை. கேட்காமல் படம் எடுப்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. லயத்து வாசலில் அது இன்னும் மோசம். அது அவர்களுடைய வீட்டுக் குசினி, காட்சிப் பொருள் அல்ல.

ஊவாப் பக்கம்

டயகமவுக்கு மேலே ஏறினால் தேயிலை முடிந்து காடு தொடங்குகிறது. ஹோட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேலே உள்ள புல்வெளி; 1988 முதல் தேசியப் பூங்கா; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இதற்குத் தனியே அனுமதிச்சீட்டு வேண்டும். பொலித்தீனை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அங்குள்ள ‘உலக முடிவு’ செங்குத்துச் சரிவின் விளிம்பில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு போனால் பெரும்பாலும் முகிலைத்தான் பார்க்கலாம்.

ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் ஆசனம். 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டத்தின் உச்சி அது. தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஏற்றம். ஓட்டோவில் போகிறவர்களே அதிகம். விடியற்காலையில் நடந்து ஏறுவதே சுகம். எல்லவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயிலைவிடத் தொலைபேசிகளே அதிகம். கூட்டம் பிடிக்காதவர்கள் உடப்புசல்லாவைக்கும் கந்தப்பளைக்கும் போகலாம். மரக்கறித் தோட்டங்களும் தேயிலையும் மாறி மாறி வரும். வழியில் ஆள் நடமாட்டம் குறைவு.

மலை யாருடையது, வருமானம் யாருக்கு?

ஊர் ஊராக வெளிநாட்டுக்காரர் நடந்து வருகிறார்கள். இரவில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வழிகாட்டி தேடுகிறார்கள். எல்லவில் நேற்று வரை மரக்கறி விற்ற குடும்பம் இன்று மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறது. சில கிலோமீற்றர் தள்ளியுள்ள தோட்டத்துக் குடும்பத்தால் அது முடியாது. காரணம் சோம்பலோ அறியாமையோ அல்ல. அந்தக் குடும்பம் நாலு தலைமுறையாக இருக்கிற லயக்காம்பராவும் அதன் வாசலும் அவர்களுக்குச் சொந்தமில்லை.

பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, உழைப்பு மட்டும் தொழிலாளியுடையது. காணி உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாமல் ஓர் அறை கட்ட முடியாது. கட்டினாலும் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யக் காகிதம் இல்லை. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட் மேடையில் நின்று மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். அதன் பிறகும் பெரும்பாலான குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. ஒரு வீட்டுக்குக் காணி ஏழு பேர்ச்சா, பத்துப் பேர்ச்சா என்று மேடைகளில் விவாதம் நீள்கிறது. இதற்கிடையில் தொழிற்சாலைகளும் துரைமார் பங்களாக்களும் ஹோட்டல்களாகிவிட்டன. அந்த அறைகளில் ஓர் இரவுக்கு வாங்கும் பணத்தில் ஒரு தொழிலாளி மாதக்கணக்கில் சீவிக்கலாம்.

பீக்கோ டிரெயிலால் தோட்டத்து மக்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வழிகாட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். சந்தியில் தேத்தண்ணிக் கடை போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஒரு காரணம் பிறந்திருக்கிறது. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஒரு வழியின் ஓரத்தில் வாழ்பவர்களுக்கு, கூலியாகவும் பிளேன்டியாகவும் மட்டுமே பங்கு கிடைப்பது போதாது. காணி உறுதி கொடுக்காமல் சுற்றுலா அபிவிருத்தி பற்றிப் பேசுவது வெறும் விளம்பரம்.

நடக்கப் போகிறவர்களுக்கு

மாதம் பார்த்துக் கிளம்புங்கள். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்லது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் அங்கே மழை ஓயாது. அப்போது ஹப்புத்தளை, எல்லப் பக்கம் கச்சான் காற்றோடு வானம் தெளிந்திருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு ஊவாவுக்கு மழை வரும்.

மண்சரிவை அலட்சியப்படுத்தாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு சேர்த்து மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதிகம் அடிவாங்கியது மலைநாடு. பாதைகள் அறுந்தன, மலையக ரயில் வழியும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே நீங்கள் தேர்ந்த கட்டம் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடும் எச்சரிக்கையைப் பாருங்கள். செம்மஞ்சள் என்றால் போக வேண்டாம். மலை அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை. காலுறைக்கு மேல் சவர்க்காரத்தை நன்றாகத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறினால் உப்பு, அல்லது கொஞ்சம் சித்தாலேப. கையால் பிய்த்தால் கடிவாய் வடிந்துகொண்டே இருக்கும். தேய்ந்த அடிச் சப்பாத்து ஈரப் பாறையில் வழுக்கும். பி.ப. இரண்டு மணிக்குப் பிறகு முகில் இறங்கும் என்பதால் காலை ஆறரைக்கே நடக்கத் தொடங்குங்கள். தொலைபேசி அலை பல இடங்களில் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பீலித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்; மேலே மருந்து அடித்திருப்பார்கள்.

வயதானவர்களோடும் சிறுபிள்ளைகளோடும் போகிறவர்கள் முழுக் கட்டம் நடக்க வேண்டும் என்பதில்லை. ரயில் நிலையம் உள்ள வட்டகொடை, கொட்டகலை, ஹப்புத்தளை போன்ற இடங்களில் தங்கி, இரண்டு மணி நேரம் நடந்து திரும்பலாம். ரயில் ஓடுகிறதா என்று கோட்டை நிலையத்தில் கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள்.

கடைசியாக ஒன்று. கொழும்பிலேயே முகவரிடம் பணம் கட்டி வழிகாட்டியைக் கூட்டிப் போகாதீர்கள். நடக்கப் போகும் தோட்டத்துக் கோவிலிலோ கடையிலோ கேட்டால், அந்த மலையில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞனோ யுவதியோ கிடைப்பார்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல், அவர்கள் கையிலேயே கொடுங்கள்.